கை குலுக்கும் கம்பிகள்

செவ்வாய்க்கிழமை காலையில் வேலூரிலிருந்து ஆம்பூர் பக்கம் போயிருக்கிறீர்களா? வழியில் பொய்கையில் மாட்டுச் சந்தை. மாடுகளை விடுங்கள். அங்கே விலை பேசும் அழகைத்தான் பார்க்க வேண்டும். விற்கிறவர் வாயைத் திறக்க மாட்டார். வாங்குகிறவரும் அப்படியே. நடுவில் தரகர். தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கைமேல் போடுவார். துண்டுக்கு அடியில் இரண்டு கைகள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டு விரலைப் பிடித்தால் இரண்டு. அது நூறா, ஆயிரமா, பத்தாயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே இருவருக்கும் தெரியும். சுற்றி நிற்கும் ஐம்பது பேருக்கு ஒன்றும் புரியாது. தமிழ்நாட்டுச் சந்தைகளில் பல தலைமுறைகளாக நடக்கும் பேரம் இது.

கொஞ்சம் நிதானமாகக் கவனித்தால் இதில் ஓர் ஒழுங்கு தெரியும். முதலில் எதிராளி கையை நீட்ட வேண்டும். நீட்டினால்தான் பேச்சு. பிறகு இவர் விரலைப் பிடித்துத் தொகையைச் சொல்வார். சொல்லிவிட்டு சும்மா இருப்பார். அவர் அழுத்திக் காட்டியோ, தலையை ஆட்டியோ 'புரிந்தது' என்று சொல்ல வேண்டும். அதன் பிறகே பிடியைத் தளர்த்தி அடுத்த தொகை. தயாரா, இதோ, வந்தது, அடுத்தது... இந்த நாலே படிகள்தான்.

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் பேசிக்கொள்வது இதே நாலு படிகளில்தான் என்றால் நம்புவீர்களா? இன்ஜினீயர்கள் அதற்கு வைத்த பெயரே 'ஹேண்ட்ஷேக்கிங்'. கை குலுக்கல்! துண்டு மட்டும் கிடையாது.

மின்சாரம் ஓடும் கம்பி எதற்காகக் கை குலுக்க வேண்டும்? இந்தப் பக்கத்தில் அனுப்பினால் அந்தப் பக்கத்தில் போய்ச் சேராதா?

சேரும். ஆனால் எதிரில் இருப்பவர் தயாராக இருக்க வேண்டுமே! குழாயைத் திறந்துவிட்டு, குடத்தை வைத்தோமா என்று பார்க்காமல் போனால் என்ன ஆகும்? தண்ணீர் வரத்தான் செய்யும். குடத்தில் ஒரு சொட்டும் இருக்காது. அனுப்புகிறவர் வேகமானவர், வாங்குகிறவர் நிதானமானவர் என்றாலே இந்தத் தலைவலி வந்துவிடும்.

இந்தப் பாடத்தைக் கம்ப்யூட்டர்களுக்கு வெகுகாலம் முன்பே கற்றுக்கொண்டவர்கள் ரயில்வேகாரர்கள். அதுவும் ரத்தம் சிந்தி.

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்திலிருந்து கிளம்பி வாலாஜா ரோடு வந்து சேர்ந்தது. அதாவது, இன்றைக்குத் தோலுக்குப் பேர்போன ராணிப்பேட்டையின் வாசலுக்கு. அந்தக் காலத்து ரயில்வேக்களில், இங்கிலாந்து உட்பட, பல இடங்களில் 'நேர இடைவெளி' முறைதான். ஒரு ரயில் கிளம்பி இத்தனை நிமிஷம் ஆனதும் அடுத்ததை அனுப்பிவிடுவார்கள். முன்னால் போனது போய்ச் சேர்ந்ததா? போயிருக்கும் என்று ஒரு நம்பிக்கைதான்!

1889 ஜூன் 12. அயர்லாந்தில் ஆர்மா என்ற ஊர். ஞாயிறு பள்ளிக் குழந்தைகளும் பெற்றோரும் கடற்கரைக்குச் சுற்றுலா கிளம்பினார்கள். கூட்டம் அதிகம். மேட்டில் ரயில் இழுக்க முடியாமல் நின்றுபோனது. பாதிப் பெட்டிகளைக் கழற்றிவிட்டு, மீதியை முதலில் இழுத்துப் போகலாம் என்று முடிவெடுத்தார்கள். கழற்றிய பெட்டிகள் சரிவில் பின்னோக்கி உருள ஆரம்பித்தன. அதே தண்டவாளத்தில், குறித்த நிமிஷம் கடந்துவிட்டது என்று அனுப்பப்பட்ட அடுத்த ரயில் எதிரே வந்துகொண்டிருந்தது.

சுமார் 80 பேர் செத்துப்போனார்கள். அவர்களில் பலர் குழந்தைகள். அதே வருஷம் பிரிட்டிஷ் பார்லிமென்ட் சட்டம் போட்டது. இனி நிமிஷக் கணக்கெல்லாம் செல்லாது. முன்னால் போன ரயில் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது என்று அடுத்த ஸ்டேஷன் சொன்னால்தான் பின்னால் இன்னொன்றை அனுப்பலாம்.

நம்மூர் ஸ்டேஷன்களில் 'லைன் கிளியர்' என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பீர்களே, அது இதுதான். ஆம்பூர் ஸ்டேஷன் மாஸ்டர் மணியடித்து அடுத்த ஸ்டேஷனைக் கூப்பிடுவார். 'ஒரு வண்டி அனுப்பலாமா?' அங்கே இருப்பவர் தன் பாதை காலியா என்று பார்த்து 'லைன் கிளியர்' கொடுப்பார். வண்டி கிளம்பியதும் இவர் 'புறப்பட்டது' என்பார். கடைசிப் பெட்டியும் உள்ளே வந்தாயிற்று என்று பார்த்துவிட்டு அவர் 'வந்து சேர்ந்தது' என்பார். மறுபடி அதே நாலு படிகள். நாலாவது படி முடியும்வரை அடுத்த வண்டி கிடையாது. தாமதம் ஆகுமா? ஆகட்டும். உயிர் மிச்சம்!

இப்போது கம்ப்யூட்டர் பக்கம் வருவோம்.

1960-ல் அமெரிக்காவின் எலெக்ட்ரானிக்ஸ் தொழில் சங்கம் 'ஆர்.எஸ். 232' என்று ஒரு விதிமுறையை வெளியிட்டது. டைப் அடிக்கும் இயந்திரத்தையும் மோடத்தையும் இணைப்பதற்காக. அதில் செய்தி போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி. இந்த இரண்டோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. 'அனுப்பட்டுமா?' என்று கேட்க ஒரு கம்பி, 'அனுப்பு' என்று சொல்ல ஒரு கம்பி, 'நான் விழித்திருக்கிறேன்' என்று சொல்ல இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. செய்தியைச் சுமக்கும் கம்பிகளைவிட மரியாதை சொல்லும் கம்பிகள் அதிகம்! கல்யாண வீட்டில் சாப்பாட்டைவிட உபசாரம் அதிகமாக இருப்பது மாதிரி.

1963-ல் டெலிடைப் கம்பெனி 'மாடல் 33' என்ற இயந்திரத்தைக் கொண்டுவந்தது. நொடிக்குப் பத்து எழுத்து அடிக்கும். துளை போட்ட காகித நாடாவைப் படிக்கும். தனிக் கம்பி எதற்கு, எழுத்துகளோடு எழுத்தாகவே 'நிறுத்து', 'தொடரு' என்று இரண்டு சங்கேதங்களை அனுப்பினால் போதாதா? இப்படி வந்ததுதான் 'எக்ஸ்-ஆஃப்', 'எக்ஸ்-ஆன்'. கீபோர்டில் கன்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்தினால் திரை உறைந்து நிற்பதும், கன்ட்ரோல் க்யூ அழுத்தினால் மறுபடி ஓடுவதும் இன்றும் சில கம்ப்யூட்டர்களில் உண்டு. அறுபது வருஷத்துக்கு முந்தைய காகித நாடாவின் மிச்சம் அது.

1970-ல் சென்ட்ரானிக்ஸ் பிரிண்டர். நம் கடைகளிலும் ஆபீஸ்களிலும் 'கர்ர்ர்... கர்ர்ர்' என்று கார்பன் வைத்து பில் அடித்துத் தள்ளிய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்கள் பெரும்பாலும் இதன் வழியைத்தான் பின்பற்றின. எட்டுக் கம்பிகளில் ஓர் எழுத்து. ஒன்பதாவது கம்பியில் ஒரு தட்டு: 'எழுத்தை வைத்துவிட்டேன், எடுத்துக்கொள்'. பிரிண்டர் உடனே 'பிஸி' கம்பியை உயர்த்தும். அடித்து முடித்ததும் 'ஒப்புகை' கம்பியில் ஒரு சின்னத் துடிப்பு. பேப்பர் தீர்ந்துபோனால் 'பிஸி' இறங்கவே இறங்காது. கம்ப்யூட்டர் பேசாமல் காத்திருக்கும். கம்ப்யூட்டருக்கு பிரிண்டரைவிட எத்தனையோ மடங்கு வேகம் இருந்தும் ஓர் எழுத்துகூடத் தொலையாததற்கு இந்த இரண்டு கம்பிகள்தான் காரணம்.

ஒருவர் அனுப்ப, பலர் வாங்கினால்? ஹ்யூலெட் பேக்கார்டு கம்பெனி தன் அளவுக் கருவிகளுக்காக ஒரு முறையை உருவாக்கியது. 1975-ல் அது உலகப் பொது விதியாகவே ஆனது. ஒரே கம்பிக் கற்றையில் பதினைந்து கருவிகள்வரை. 'இன்னும் தயாரில்லை' என்று சொல்ல எல்லாருக்கும் சேர்த்து ஒரே கம்பி. யாராவது ஒருத்தர் அதைப் பிடித்துக்கொண்டிருந்தாலும் மொத்தக் கூட்டமும் காத்திருக்க வேண்டும். நம்மூர் பந்தி மாதிரி. கடைசி ஆள் இலையை மூடினால்தான் அடுத்த பந்தி!

டயல்-அப் இன்டர்நெட் காலத்தில் மோடம் போட்ட கூச்சல் ஞாபகமிருக்கிறதா? 'கீய்ய்ங்... கிர்ர்ர்' என்று. அதுவும் கை குலுக்கல்தான். மறுமுனை மோடம் முதலில் 2,100 ஹெர்ட்ஸில் ஒரு விசில் அடிக்கும், 'நான் மனுஷன் இல்லை, மோடம்' என்று அர்த்தம். அதன் பிறகு உனக்கு எவ்வளவு வேகம் வரும், எனக்கு எவ்வளவு வரும், இந்த லைனில் எவ்வளவு இரைச்சல் என்று பேரம். துண்டுக்கு அடியில் நடக்க வேண்டியதை அது ஸ்பீக்கரில் ஊருக்கே கேட்கும்படி செய்தது, அவ்வளவுதான்.

இதெல்லாம் சுவாரஸ்யம்தான், ஆனால் எங்கேயோ நடந்த சங்கதி என்கிறீர்களா? சரி, மறுபடி பாலாற்றங்கரைக்கே வாருங்கள்.

பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்புப் போட்டு வைப்பார்கள். டேனரிக்கு வந்ததும் முதல் வேலை, தண்ணீரில் ஊறவைத்து அந்த உப்பை வெளியேற்றுவது. பிறகு சுண்ணாம்பு, அமிலம், குரோமியம் என்று ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீர். ஒரு கிலோ தோலுக்கு முப்பது, நாற்பது லிட்டர். அந்தத் தண்ணீர் பல பத்தாண்டுகளாக எங்கே போனது என்பது வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டைக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான பெஞ்ச் தீர்ப்பு சொன்னது. டேனரிகள் இருக்கும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் முழுசாகவோ பாதியாகவோ விவசாயத்துக்கு லாயக்கில்லாமல் போய்விட்டது என்ற ஆய்வு அந்தத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. கெடுத்தவன்தான் ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் ஆழமாக வேரூன்றியது இந்த வழக்கில்தான். இன்றைக்கும் நாட்டிலுள்ள சட்டக் கல்லூரிகளில் 'வேலூர் கேஸ்' என்று பாடம் நடத்துகிறார்கள்.

கழிவுநீரைச் சுத்தம் செய்யப் பொது சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ஆனால் உப்பு, சாதாரணச் சுத்திகரிப்புக்கு மசியாது. கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் வெளியே விடக் கூடாது என்பது விதி. அதனால் சவ்வூடு பரவல், ஆவியாக்குதல் என்று போய், கடைசியில் ஒரு சொட்டும் வெளியே விடாத 'ஜீரோ டிஸ்சார்ஜ்' முறைக்கு வந்தார்கள்.

சரி, விடவில்லை என்று யார் பார்ப்பது? அதிகாரி வரும் நாளில் ஒழுங்காக இருந்து, போன பிறகு...?

இங்கேதான் நம் கை குலுக்கும் கம்பிகள் வருகின்றன. 2014 பிப்ரவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உத்தரவு போட்டது. அதிகம் மாசுபடுத்தும் பதினேழு வகைத் தொழிற்சாலைகளும் பொது சுத்திகரிப்பு நிலையங்களும், ராத்திரி பகல் பார்க்காமல் தானே அளந்து தானே அனுப்பும் மீட்டர்கள் வைக்க வேண்டும். பதினேழில் டேனரியும் ஒன்று.

அந்த அளவு போகும் பாதையைக் கொஞ்சம் பின்தொடர்வோம்.

குழாயில் ஒரு மீட்டர். பல மீட்டர்கள் தங்கள் அளவை மின்னோட்டமாகச் சொல்லும். பூஜ்யத்துக்கு 4 மில்லி ஆம்பியர், முழு அளவுக்கு 20. பூஜ்யத்துக்கு ஏன் பூஜ்யம் வைக்கவில்லை? கம்பி அறுந்துபோனாலும் பூஜ்யம்தானே வரும்! 'ஒன்றும் ஓடவில்லை' என்பதும் 'ஒன்றும் தெரியவில்லை' என்பதும் ஒன்றல்ல என்று யாரோ ஒரு புத்திசாலி இன்ஜினீயர் அன்றே யோசித்திருக்கிறார்.

வேறு சில மீட்டர்கள் 'மாட்பஸ்' பேசும். 1979-ல் மோடிகான் கம்பெனி உருவாக்கிய பாஷை அது. வரிசையாக ஒரே ஜோடிக் கம்பியில் மீட்டர்கள். தலைமைப் பெட்டி கேட்கும்: 'ஏழாம் நம்பர், உன் கணக்கு என்ன?' ஏழு மட்டும் பதில் சொல்லும். மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. பதிலின் வாலில் ஒரு சரிபார்க்கும் எண் ஒட்டியிருக்கும். வழியில் ஓர் இலக்கம் மாறியிருந்தாலும் கணக்கு உதைத்துவிடும். உடனே 'திருப்பிச் சொல்லு'. பதிலே வராவிட்டால் கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்கும்.

அங்கிருந்து சிம் கார்டு போட்ட மோடம். செல்போன் டவர். இன்டர்நெட். இணைப்பு கொடுக்கும் முன் அங்கேயும் மூன்று படிக் கை குலுக்கல்: 'பேசலாமா?', 'பேசலாம், கேட்கிறதா?', 'கேட்கிறது'. 1970-களில் வின்ட் செர்ஃப், பாப் கான் உருவாக்கிய இன்டர்நெட் முறை. வழியில் ஒரு துண்டு தொலைந்தாலும், ஒப்புகை வராததை வைத்துக் கண்டுபிடித்து மறுபடி அனுப்பிவிடும். கடைசியில் சர்வருக்குப் போய் வாரியத்தின் திரையில் எண்ணாகத் தோன்றும்.

இத்தனை இடத்திலும் கேட்டு, ஒப்புக்கொண்டு, சரிபார்த்து, பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டு வந்த எண். அதைவிட நம்பகமானது வேறென்ன இருக்க முடியும்?

அவசரப்படாதீர்கள்.

பதிவுத் தபாலோடு ஒப்புகைச் சீட்டு இணைத்து அனுப்பிய காலம் ஞாபகம் இருக்கிறதா? சீட்டில் எதிராளி கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புவார். எதற்குக் கையெழுத்து? உறை வந்து சேர்ந்ததற்கு. உள்ளே இருக்கும் கடிதத்தில் எழுதியிருப்பது நிஜமா, பொய்யா என்பதற்கு அல்ல! வெறும் வெள்ளைத் தாளை உறையில் போட்டு அனுப்பினாலும் ஒப்புகைச் சீட்டு அழகாகத் திரும்பி வரும்.

கை குலுக்கும் கம்பிகளின் குணமும் அதுவே. ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். குழாயில் இருக்க வேண்டிய மீட்டரின் மூக்கை எடுத்து யாரோ ஒரு வாளி நல்ல தண்ணீரில் போட்டுவிட்டார். அல்லது யாரும் எந்தத் தப்பும் செய்யவில்லை, சுண்ணாம்பும் கொழுப்பும் படிந்து மூக்கு அடைத்துக்கொண்டது. மீட்டர் தனக்குத் தெரிந்த அளவைச் சொல்லும். மாட்பஸ் சரிபார்க்கும், ஓர் இலக்கம்கூட மாறவில்லை. மோடம் கை குலுக்கும். சர்வர் பெற்றுக்கொண்டேன் என்று சொல்லும். எந்தக் கம்பியும் பொய் சொல்லவில்லை. ஆனால் வந்து சேர்ந்தது பாலாற்றின் கதை இல்லை, வாளியின் கதை.

மாட்டுத் தரகர்கள் இதில் உஷார். துண்டு போடும் முன்னால் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். சுழி பார்ப்பார்கள். நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். அதெல்லாம் முடிந்துதான் கையை நீட்டுவார்கள். கைக்குள் நடப்பது விலைப் பேச்சு மட்டும். மாடு நல்ல மாடா என்பதைக் கை சொல்லாது என்று அவர்களுக்குத் தெரியும்.

வாரியங்களுக்கும் இது தெரியாமல் இல்லை. அதனால்தான் வெறும் மீட்டரோடு விடவில்லை. ஜீரோ டிஸ்சார்ஜ் என்று சொல்லும் இடங்களில் கேமராவும் வைக்கச் சொன்னார்கள். அளவு தெரிந்த ரசாயனக் கரைசலில் அவ்வப்போது மீட்டரை நனைத்து, அது சரியாகச் சொல்கிறதா என்று சோதிக்கச் சொன்னார்கள். அதாவது, பல்லைப் பிடித்துப் பார்ப்பது. ஆனால் அந்தக் கேமராவை யாராவது பார்க்க வேண்டும். கரைசலை யாராவது எடுத்துக்கொண்டு போக வேண்டும். எத்தனை கம்பி இழுத்தாலும் அதன் ஆரம்ப முனையில், குழாய்க்குப் பக்கத்தில், நாணயமான ஒரு மனுஷர் நின்றுதான் ஆக வேண்டும்.

இதில் அலட்சியமாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ராணிப்பேட்டையில் ஒரு நாள் இருக்கிறது. 2015 ஜனவரி 31, விடியாத நேரம். சிட்கோ தொழிற்பேட்டை சுத்திகரிப்பு நிலையத்தில் தோல் கழிவைத் தேக்கிவைத்திருந்த தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் அந்தச் சேற்றில் சிக்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சுவர் தாங்குமா என்பதை எந்த மோடமும் தானாகக் கேட்டுச் சொல்லாது. யாராவது போய்ப் பார்க்க வேண்டிய விஷயம் அது.

2025 ஜனவரி 30-ல், கிட்டத்தட்ட இருபத்தெட்டரை வருஷத்துக்குப் பிறகு, பாலாற்று மாசு பற்றி சுப்ரீம் கோர்ட் மறுபடி ஒரு நீண்ட தீர்ப்பு சொன்னது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுங்கள், கெடுத்தவர்களிடமிருந்து அதை வசூலியுங்கள், கண்காணிக்க ஒரு குழு அமையுங்கள் என்று. முதல் தீர்ப்போடு காரியம் முடிந்திருந்தால் இரண்டாவதற்கு அவசியமே இருந்திருக்காது, இல்லையா?

ஒன்றை யோசித்துப் பாருங்கள். பாலாற்றங்கரையில் முதல் தகவலை அனுப்பியது எந்த மீட்டரும் இல்லை. கிணறு. ராட்டினத்தில் இறைத்த தண்ணீரை வாயில் வைத்த விவசாயி, உப்புக் கரிக்கிறது என்று துப்பினாரே, அதுதான் முதல் சிக்னல். மாட்பஸ் இல்லை, மோடம் இல்லை, சரிபார்க்கும் எண்ணும் இல்லை. அது கோர்ட்டுக்கு மனுவாகப் போனது 1991-ல். 'பெற்றுக்கொண்டேன்' என்று டெல்லியிலிருந்து பதில் வந்தது 1996-ல். மறுபடி 2025-ல்.

கிணறு இன்னும் அதே தகவலைத்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள சர்வரைத் திறக்க வேண்டாம். ஒரு வாளி இறைத்து வாயில் வைத்துப் பார்த்தால் போதும்.